தமயந்தி அக்கா கையெழுத்திடாத இரண்டு நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஆரஞ்சு கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்திருக்கிறது. பழம் பிழியும் அறைக்குள் கைப்பேசி கொண்டுபோகக்கூடாது என்பதால் பத்து மணி இடைவேளையில்தான் பார்த்தேன். எங்கள் வேலையிடத்து வாட்ஸ்அப் குழுவில் மேற்பார்வையாளர் பாஸ்கர் எழுதியிருந்தார்: நம் சக ஊழியர் தமயந்தி இன்று அதிகாலை மருத்துவமனையில் காலமானார், ஆழ்ந்த இரங்கல். கீழே கூப்பிய கைகளின் படம். அடுத்த செய்தியும் அவருடையதுதான், அதே நிமிடத்தில்: நாளை ஆரஞ்சு டெலிவரி ஆறு மணிக்கு, யாரும் தாமதமாக வரக்கூடாது. அதற்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். டெலிவரிக்கா, சாவுக்கா என்று தெரியவில்லை.

நான் திரும்பிப் போய் மீதி ஆரஞ்சுகளைக் கழுவினேன். அழுகை வரவில்லை. கோபமாக இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அதனால் இதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் தம்பி மணிமாறன் அண்ணன் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார். அக்காவோடு வேலை செய்தவர்களில் யாராவது எழுதட்டும் என்று என்னிடம் கேட்டார். "அரைப் பக்கம் போதும்மா. அக்காவப் பத்தி நல்லதா நாலு வார்த்தை" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தபோதுதான் அரைப் பக்கத்தில் அடங்காது என்று தெரிந்தது. எல்லாமே நல்ல வார்த்தைகளாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

தோ பாயோ வட்டாரத்தில் அவரோடு ஒரே அடுக்குமாடி புளோக்கில் இருந்தவர்களுக்கும், தேக்கா சந்தையில் அவர் பாகற்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குவதைப் பொறுத்துக்கொண்ட கடைக்காரர்களுக்கும் அவரைத் தெரியும். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. துக்க வீட்டில் நீங்கள் பேசிக்கொண்டதிலிருந்து அது எனக்குப் புரிந்தது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்த இடத்தில் நான் பொட்டலப் பானங்களைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "ஏதோ கதிர் மெஷின்ல வேலையாம். அந்த வெளிச்சம்தான் நெஞ்சத் தின்னுடுச்சாம்" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் என் கையிலிருந்து சோயாபால் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். அக்காவுக்கு இதய வால்வில் பிறவியிலிருந்தே கோளாறு. எங்கள் நிறுவனத்தில் சேர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒருமுறை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அந்த இயந்திரத்தின் விளக்கு எஃகுக் குழாய்க்குள் இருக்கிறது, வெளிச்சம் வெளியே வராது. மூடி திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். அந்த ஒளி தோலுக்கும் கண்ணுக்கும் ஆகாது என்று எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். விளக்கை மாற்றும் நாளில் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். அவரை அந்த ஒளி கொல்லவில்லை.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. உட்லண்ட்ஸில் ஓர் உணவுத் தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் நாங்கள் ஆரஞ்சும் தர்பூசணியும் பிழிந்து பாட்டிலில் அடைக்கிறோம். பச்சைச் சாற்றில் கிருமி இருக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆனால் தர்பூசணிச் சாறு வேகவைத்த பூசணிக்காய் போல மணக்கும், யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் சூடாக்காமல் புற ஊதா ஒளி காட்டுகிறோம். எஃகுக் குழாய்க்குள் ஒரு கண்ணாடிக் குழாய், கண்ணாடிக்குள் விளக்கு. எஃகுக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியில் சாறு மெதுவாக ஓடும். ஒளி பட்ட கிருமி பெருக முடியாமல் போகும். சாறு கலங்கலாக இருப்பதால் ஒளி ரொம்ப தூரம் ஊடுருவாது, அதனால்தான் அந்த மெல்லிய இடைவெளியும் மெதுவான ஓட்டமும். ஒளியின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு சென்சார் உண்டு. அளவு குறைந்தால் அது பீப் என்று கத்தும், இயந்திரம் சாற்றைப் பாட்டிலுக்கு விடாமல் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். மணிக்கு ஒருமுறை அந்த அளவைத் தாளில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் தமயந்தி அக்காவின் வேலை. எல்லோரும் ஆங்கிலத்தில் இரண்டெழுத்து போடுவார்கள், அவர் தமிழில் ஒரு 'த' போடுவார். தணிக்கைக்கு வருகிறவர்களுக்குப் புரியாது என்று பாஸ்கர் குறைபட்டதுண்டு. "புரியலன்னா என்னக் கூப்பிட்டுக் கேக்கட்டும், இங்கதானே நிக்குறேன்" என்பார்.

நான் சேர்ந்த முதல் நாள், குழாயின் ஓரத்தில் விரல்கடை அளவு இருக்கும் நிறக்கண்ணாடித் துளை வழியே நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்தது. நீலம் எரிந்தால் எல்லாம் சரி என்று பாஸ்கர் சொன்னார். பின்னாலிருந்து ஒரு குரல். "நீலமாத் தெரியுறது நம்ம கண்ணுக்கு. கிருமியக் கொல்லுறது நம்ம கண்ணுக்குத் தெரியாது. பழைய விளக்கும் நீலமாத்தான் எரியும். மீட்டரப் பாரு." திரும்பினால் என்னைவிடக் குள்ளமான ஓர் அம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலைவலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். நான் தலையாட்டினேன். பேர் கேட்டார். என் குரல் அவருக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து எனக்கு 'ஊமைச்சி' என்று பேர் வைத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால், "நான் வச்ச பேரு, நீ கூப்பிடாத" என்பார்.

நினைவு மலரில் மற்றவர்கள் அவர் பொறுமைசாலி, எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவர் என்று எழுதலாம். எனக்கு அவர் எதையும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவில்லை. அதற்கான பொறுமை அவருக்கு இல்லை. ஒன்றை இரண்டாவது முறை கேட்டால், "காதுல என்ன, ஆரஞ்சுச் சக்கையா?" என்பார். மூன்றாவது முறை கேட்டால் அவரே செய்துவிடுவார். நானோ படிப்பு வராமல் உயர்நிலை மூன்றாம் ஆண்டில் பள்ளியை விட்டவள். பதினேழு வயதில் என்னைச் சேர்த்துக்கொண்ட முதல் இடம் இது. அவருக்கும் எனக்கும் ஒத்துப்போனது ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேரும் சாப்பிடும்போது பேசமாட்டோம்.

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு வருகிறேன். எங்கள் முதலாளி வழக்கமாக அன்று பாதி நாளில் வேலையை நிறுத்திப் பூசை போடுவார். இயந்திரங்களை எல்லாம் கழற்றிக் கழுவி, கழன்ற பாகங்களை வாழையிலை விரித்த மேசையில் அடுக்கினோம். அக்கா அன்று மதியமே கிளம்பிவிட்டார். இதயப் பரிசோதனைக்காக இரண்டு நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது. போகும்போது புற ஊதா இயந்திரத்தைக் காட்டி, "இத மட்டும் சரியா மாட்டுங்க" என்று பாஸ்கரிடம் சொல்லிவிட்டுப் போனார். சந்தனக் கிண்ணத்தைப் பாஸ்கர் என் கையில் கொடுத்தார். "கன்னிப் பொண்ணு கையால வைக்கட்டும்." பிழியும் இயந்திரம், தராசு, குளிரறைக் கதவு, முதலுதவிப் பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தேன். சென்சாரின் நுனியில் நகம் அளவு வட்டமான கண்ணாடி இருந்தது. நெற்றி போலவே இருந்தது. அதிலும் நல்ல தடிப்பாகச் சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தேன். சூடம் காட்டிச் சுண்டல் சாப்பிட்டோம். பிறகு ஆண்கள் எல்லாவற்றையும் மாட்டினார்கள்.

மறுநாள் காலை இயந்திரத்தைப் போட்டதும் பீப் கத்தியது. வழக்கமாக எண்பதுக்கு மேல் காட்டும் மீட்டர் முப்பதுகளில் நின்றது. சாறு தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. தேக்காவில் தீபாவளிச் சந்தை தொடங்கியிருந்த நேரம், அங்கே எங்கள் நிறுவனம் போட்டிருந்த கடைக்கு இரண்டு மடங்கு பாட்டில் கேட்டிருந்தார்கள். பாஸ்கர் துளை வழியே பார்த்தார். நீலம் எரிந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்றார். தன் அலமாரியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வந்து இயந்திரத்தின் பக்கவாட்டில் போட்டுத் திருப்பினார். பழுது பார்க்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய சாவி அது. அதைத் திருப்பினால் சென்சார் என்ன சொன்னாலும் இயந்திரம் கேட்காது. பீப் நின்றது. சாறு பாட்டிலுக்குப் போனது. பம்பின் வேகத்தையும் கூட்டினார். பம்பின் திருகில் அக்கா சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், அதைத் தாண்டக்கூடாது என்று. முள் கோட்டைத் தாண்டிப் போனது.

பிறகு அவர் அளவுத் தாளை என்னிடம் நீட்டினார். மீட்டரில் இருப்பதை எழுதட்டுமா என்று நான் கையால் காட்டிக் கேட்டேன். "அது கெட்டுப்போன சென்சார்லா. நேத்து என்ன எழுதியிருக்கோ அதையே எழுது." கையெழுத்து இடத்தைக் காட்டினேன். "ஒரு 'த' தானே, போட்டுடு. அவங்க வந்ததும் நான் சொல்லிக்குறேன்."

போட்டேன். இரண்டு நாளும் மணிக்கு ஒன்றாகப் போட்டேன். அவருடைய 'த' கீழே ஒரு சின்னச் சுழியோடு முடியும். அதையும் சேர்த்துப் போட்டேன். யாரும் என்னை அதட்டவில்லை, மிரட்டவில்லை. சாவியைத் திருப்பியவர் பாஸ்கர்தான். எழுதியவள் நான்.

மூன்றாம் நாள் காலை அக்கா வந்தார். கையில் மருத்துவமனையின் காகிதப் பட்டையைக்கூட இன்னும் வெட்டவில்லை. நேரே இயந்திரத்திடம் போனவர் சாவி திரும்பியிருந்ததைப் பார்த்தார். பழைய நிலைக்குத் திருப்பினார், பீப் கத்தியது. சென்சாரைக் கழற்றினார். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்து, மாட்டினார். மீட்டர் கொஞ்சம் ஏறியது, ஆனாலும் போதவில்லை. உள்ளே இருந்த கண்ணாடிக் குழாயை உருவினார். பால் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த டம்ளர் போல இருந்தது. ஆரஞ்சுச் சாறு கண்ணாடியில் மெல்லிய ஏடாகப் படியும். அவர் தினமும் மாலையில் அதைக் கழுவுவார். இரண்டு நாள் யாரும் கழுவவில்லை. முதல் நாள் காலையில் என் சந்தனத்தால் சென்சார் கத்தியது பொய்யாகக்கூட இருக்கலாம். இரண்டாம் நாள் அது கத்தியிருந்தால் உண்மையாகக் கத்தியிருக்கும். ஆனால் அதன் வாயை அடைத்தாகிவிட்டது.

இரண்டு நாள் பாட்டில்கள் எங்கே போயின என்று அவர் கேட்டார். விளக்கு எரிந்ததே, ஒன்றும் ஆகாது என்று பாஸ்கர் சொன்னார். அவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். பெரும்பகுதி தேக்கா கடைக்குப் போயிருந்தது. நான்கு பெட்டி தோ பாயோவில் ஒரு முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு, அன்று மதிய விருந்துக்காக. அக்கா தேக்கா கடைக்குப் போன் போட்டு விற்பனையை நிறுத்தச் சொன்னார். முதலாளியைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்று பாஸ்கர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தார். பெட்டி தூக்க ஆள் வேண்டும், அவர் தூக்கக்கூடாது.

நாங்கள் போனபோது தாத்தா பாட்டிகள் மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பாட்டில், உறிஞ்சுகுழாயோடு. பிரியாணி வரவில்லை என்பதால் யாரும் திறக்கவில்லை. அக்கா நிலையத்தின் பொறுப்பாளரிடம் இரண்டே வரியில் சொல்லிவிட்டு ஒவ்வொரு மேசையாக எடுக்கத் தொடங்கினார். ஒரு தமிழ்த் தாத்தா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என் ஜூஸ எதுக்கு எடுக்குற? குடிச்சா செத்தாப் போயிடுவேன்?"

"சாவக்கூடாதுன்னுதான் எடுக்குறேன்லா, விடுங்கப்பா."

"எனக்கு எண்பத்தாறு வயசு."

"அதுக்காக ஆரஞ்சு ஜூஸ் குடிச்சிச் சாவணுமா? மானக்கேடு இல்ல?"

தாத்தா சிரித்துவிட்டார். பக்கத்து மேசைச் சீனப் பாட்டிக்கு அதை மலாயில் சொன்னார், அவரும் சிரித்துத் தன் பாட்டிலைத் தானே நீட்டினார். நான்கு பெட்டியும் குறையாமல் திரும்பின. டாக்சியில் அக்கா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒரே ஒருமுறைதான் பேசினார். "அந்தச் சந்தனம் நீ வச்சதுதானே?" ஆமாம் என்று தலையாட்டினேன். "சரி" என்றார். திட்டவில்லை. அந்தத் தாளை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை.

தேக்காவில் அதற்குள் கொஞ்சம் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர்களில் சிலருக்கு வயிறு கெட்டது, ஒருவர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நல்லவேளையாகத் தேறினார். மீட்டுக் கொண்டுவந்த பாட்டில்களில் ஒன்றிரண்டை அக்கா குளிரறையில் வைத்துப் பார்த்தார். நாலைந்து நாளில் மூடி உப்பிக்கொண்டது. பராமரிப்பு நிலையத்தில் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக அவருக்கு ஒருவராவது நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அனுமதி இல்லாமல் வாடிக்கையாளரிடம் போய் நிறுவனத்தின் பேரைக் கெடுத்தார் என்றுதான் முதலாளி சொன்னார்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் விசாரணை. முதலாளி, பாஸ்கர், அக்கா. மாதிரி பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னதால் நான் கதவோரம் நின்றேன். சென்சாரில் சந்தனம் வைத்தது யார் என்று முதலாளி கேட்டார். அக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை. "பொட்டு வச்சது ஒரு தப்பே இல்ல சார். தெரியாம வச்சது. பீப் கத்துனப்ப தெறந்து பாக்காம சாவியத் திருப்புனாங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார். இதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கு இன்றும் அந்தக் குரல் அப்படியே கேட்கிறது.

அப்போது பாஸ்கர் அளவுத் தாளை மேசையில் வைத்தார். அந்த இரண்டு நாளும் எண்பத்திரண்டு, எண்பத்து மூன்று என்று நல்ல எண்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு 'த'. அக்கா லீவில் போகும் முன்பே தாளை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார், அதை நம்பித்தான் சென்சார் கெட்டுவிட்டதென்று நினைத்தேன் என்று பாஸ்கர் சொன்னார். அக்கா தாளை எடுத்துக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது என் 'த' இல்ல" என்றார். வேறு யார் தமிழில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று முதலாளி கேட்டார். அக்கா தாளைத் திரும்ப மேசையில் வைத்தார். கதவோரம் நின்ற என்னையும் யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, அப்படி ஒரு ஆளாகத்தான் நான் அங்கே இருந்தேன். கேட்காததால் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

ஏனென்றால் அன்று மாலையே ஒருவர் கேட்டார். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தாள்ல நீ எழுதினியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"தலைய ஆட்டாத. வாயால சொல்லு."

மின்தூக்கி வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஏறிக்கொண்டார், நான் ஏறவில்லை. கதவு மூடியது. அதற்குப் பிறகு அவர் என்னை ஊமைச்சி என்று கூப்பிடவே இல்லை. அவர் வைத்த பேரை அவரே எடுத்துக்கொண்டார்.

அவரைப் புற ஊதா இயந்திரத்திலிருந்து எடுத்து லேபிள் ஒட்டும் மேசைக்கு அனுப்பினார்கள். பொய்யாக அளவு எழுதியதாக எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு எண்ணை எண்பத்தொன்றா எண்பத்திரண்டா என்று தெரியாமல் மீட்டர் முன்னால் இரண்டு நிமிடம் நின்று பார்க்கிறவருக்கு அந்தக் கடிதம். ஐந்து மாதம் அவர் லேபிள் ஒட்டினார். ஒருநாள் ஒட்டிக்கொண்டே தலையைத் திருப்பாமல், "பம்பு சத்தம் ஏறியிருக்கு" என்றார். புதிதாக அந்த வேலைக்கு வந்தவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருந்தது. திருப்பி வைத்தேன். நான் திரும்பி வரும்போது அக்கா என்னைப் பார்த்து "ம்" என்றார். அந்த 'ம்' மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அது பம்புக்கான 'ம்'.

துக்க வீட்டுக்கு முதலாளி பெரிய மலர் வளையத்தோடு வந்தார். தமயந்தி எங்கள் குடும்பத்தில் ஒருவர், என்ன சொன்னாலும் சிரித்த முகமாகச் செய்வார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இயந்திரம் ஓடும்போது அக்கா சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு மணிமாறன் அண்ணனைத் தனியாக ஒதுக்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னதும் எனக்குக் கேட்டது. "அந்தத் தப்பு நடந்ததுலேருந்து ரொம்ப மனசு ஒடஞ்சிட்டாங்க. நாங்க யாரும் அத மனசுல வச்சிக்கல தம்பி." பாஸ்கர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். மணிமாறன் அண்ணன் நன்றி சொன்னார். செய்யாத தப்புக்குச் செத்தபிறகு மன்னிப்பு வழங்குகிறார்கள், அதற்கு வீட்டார் நன்றி சொல்கிறார்கள். நான் கையில் சோயாபால் தட்டோடு நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "செத்தவங்களுக்கு வேலை வேணாம். உனக்கு வேணும்" என்றார். அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இதே கணக்கைத்தான் பாஸ்கரும் போட்டிருப்பார், முதலாளியும் போட்டிருப்பார். ஆளாளுக்கு ஒரு வேலை, ஒரு வீடு, ஒரு காரணம் இருந்தது. அக்காவுக்கும் இருந்தது. அவர் மட்டும்தான் டாக்சி பிடித்துப் போனார்.

நான்கு நாளுக்கு முன் மணிமாறன் அண்ணனுக்குப் போன் செய்து வாயால் சொன்னேன். பாதியில் என் குரல் போய்விட்டது. அவர் வைக்காமல் காத்திருந்தார், மீண்டும் சொன்னேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அக்காவுக்குத் தெரியுமா, நீதான்னு?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எழுதிக் குடு. நல்லதா நாலு வார்த்தை வேணாம்."

அவர் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா மன்னித்திருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நீங்கள் அவரோடு சரியாகப் பழகவில்லை. அவர் சந்தனத்தை மன்னித்தார். 'த'வை மன்னிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வித்தியாசத்தைத்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். அதோடு அவருடைய கோபத்தையும். யாரும் கேட்காதபோதும் அணையாமல் இருந்த அந்தக் கோபம் எனக்கு வேண்டும்.

இதில் உள்ளதையே சுருக்கி முதலாளிக்கும் நேற்று ஒரு கடிதம் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதத்தை அக்காவின் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததை அவர் தம்பிக்கு எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. என்னைப் பற்றி என்ன முடிவு செய்வார்கள் என்றும் தெரியாது. நான் எழுதியது பொய் என்று பாஸ்கர் சொல்லக்கூடும். அதனால் மணிமாறன் அண்ணனிடம் ஓர் உதவி கேட்டேன். இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்யாமல், நான் பேனாவால் எழுதியதை அப்படியே படமெடுத்து மலரில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன். இதில் 'த' நிறைய இருக்கிறது. அந்த இரண்டு நாள் தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.